வெள்ளிக்கிழமை காலியாகும் அட்டைகள்

பவளக்காரத் தெருவில், ஒரே குழாயை வைத்துக்கொண்டு பத்துக் குடித்தனங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஸ்டோர் வீட்டில், மாடிப்படியை ஒட்டின போர்ஷனில், தணிகாசலத்தின் பட அட்டை ஆல்பத்திலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் மனிதர்கள் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். அடித்துப் பிடித்துக்கொண்டு ஒன்றும் போகவில்லை, ஒழுங்காகத்தான் போனார்கள். கல்யாணப் பந்தலுக்கு அடியில் நின்ற மாப்பிள்ளையும் பெண்ணும் போய்விட்டார்கள், நாலு கழியும் மேலே கட்டின துணியும் மட்டும் நின்றன. ஜெப ஆலயத்து வாசலில் நின்று தாடியை நீவிக்கொண்டிருந்த பெரியவர்கள் போய்விட்டார்கள், வாசற்படி மட்டும் கிடந்தது. வருஷப் பிறப்பன்று ஆற்றங்கரையில் நின்று சட்டைப் பையை உதறி உதறிப் பாவத்தை ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்த கூட்டமும் போய்விட்டது, ஆறு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கொட்டின பாவம் மிதந்ததா முழுகினதா என்று பார்க்கிற அளவுக்குத் தணிகாசலத்தின் கண்ணாடியில் பவர் போதாது.

தணிகாசலம் ஆண்டர்சன் தெருவில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் சேல்ஸ்மேன். காலையில் கடை திறந்ததிலிருந்து பிள்ளையார் போட்டது, ரோஜாப்பூ போட்டது, மேளமும் நாயனமும் போட்டது என்று அட்டை அட்டையாக எடுத்துக் காட்டி, விரல் நுனியெல்லாம் தங்கப்பொடி ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிற மனுஷன், கை கால் கழுவினதும் மறுபடி அட்டையைத்தான் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அதுவும் என்ன அட்டை? நம் தாத்தாக்கள் காலத்தில் ஜெர்மனியிலும் போலந்திலும் அச்சடித்து, யூதர்கள் தங்கள் வருஷப் பிறப்புக்கு ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கொண்ட, படம் போட்ட போஸ்ட்கார்டுகள். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் அங்கே பழைய புஸ்தகக் குவியலில் முதல் அட்டை கிடைத்தது. தமிழ், தெலுங்கு, உருது, குஜராத்தி என்று எல்லா எழுத்திலும் பத்திரிகை விற்ற கைக்கு, எது தலை எது கால் என்று புரியாத எழுத்தோடு ஒரு அட்டை கிடைத்ததே என்று அன்றைக்குப் பிடித்த ஆசை, அப்புறம் விடவே இல்லை. ஊர் ஊராக, தேசம் தேசமாக எழுதிப் போட்டு, கோயில் கோபுரம் போட்ட நம்மூர் அட்டையைக் கொடுத்து அவர்கள் அட்டையை வாங்கி, ஆல்பம் தடித்துக்கொண்டே போனது.

அவர் மனைவி லோகநாயகிக்கு அந்த அட்டைகளைக் கண்டாலே ஆகாது. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, சுற்றாத கோயில் இல்லை. வீட்டில் ஒரு குழந்தை உட்கார வேண்டிய மடியில் தினம் சாயங்காலம் ஆல்பம் உட்கார்ந்திருந்தால் எந்தப் பெண்பிள்ளைக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? அதனால் ஒரு அட்டையைக்கூட அவள் இதுவரை முகம் கொடுத்துப் பார்த்ததில்லை. அன்றைக்கும் புருஷன் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "போனா போகட்டும் விடுங்க, உங்க தாடிக்காரங்களுக்கும் நாலு இடம் போகணும்னு இருக்காதா?" என்று சொல்லிவிட்டு விளக்குக்கு எண்ணெய் விடப் போய்விட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம், மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிகிற நேரத்துக்கு, போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்து அவரவர் இடத்தில் நின்றுகொண்டார்கள். பெண் பந்தலுக்கு அடியில், பெரியவர்கள் வாசற்படியில், பாவம் செய்தவர்கள் ஆற்றங்கரையில். அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. அது அவர்களுடைய ஓய்வுநாள் என்று தணிகாசலம் ஸ்டோர்க்காரர்களுக்கு விளக்கினார், இத்தனை வருஷமாகச் சேர்த்ததில் அந்த அளவுக்குத் தெரிந்து வைத்திருந்தார்.

ஸ்டோர்க்காரர்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை, அபிப்பிராயம் மட்டும் ஆளுக்கொன்று இருந்தது. எதிர் போர்ஷன் ரஹ்மத் பீ, "வெள்ளிக்கிழமைல வேற எங்க போவாங்க, தொழுகைக்குத்தான்" என்றாள். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற செங்கல்வராயன், "வாரத்துக்கு ஒரு நாள் லீவு இல்லாம எவன் வேலை பார்ப்பான், அசையாம நிக்கறதும் வேலைதானேண்ணே" என்று தொழிலாளி பக்கம் பேசினார். லோகநாயகி மட்டும், "சாப்பிடப் போறாங்க. மேஜை நிறைய பரப்பி வெச்சுக்கிட்டு, அச்சடிச்ச நாள்லேர்ந்து ஒரு வாய் வெக்கலன்னா பசிக்காதா?" என்றாள். ஒரு அட்டையையும் பார்க்காதவளுக்கு மேஜை எப்படித் தெரிந்தது என்று தணிகாசலம் கேட்கவில்லை. இந்தத் தெருவில் ஒரு காலத்தில் பவளம் விற்ற யூதர்கள் இருந்தார்கள் என்று அவர் சொன்னதும், "அப்போ தெரிஞ்ச தெருவுக்குத்தான் வந்திருக்காங்க" என்று எல்லோரும் சமாதானமாகிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழாயடியில் யாராவது குரலை உயர்த்தினால், "கொஞ்சம் இரு, அவங்க கிளம்பட்டும்" என்று சண்டையை ஒத்திவைத்தார்கள். சனிக்கிழமை அட்டை பார்க்க வந்தவர்களை "இன்னிக்கு லீவு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தண்ணீர் வருகிற நேரம், துணி காயப் போடுகிற கயிறு இவற்றோடு சேர்த்து இதையும் சொல்லி வைத்தார்கள்.

அட்டை சேர்க்கிறவனுக்கு இரண்டு பயம் உண்டு. ஒன்று அடுத்தவன் விரல் வியர்வை, இன்னொன்று ஈரம். ஹார்பர் காற்று அடிக்கிற தெருவில் இரண்டாவது பயம் ராவும் பகலும் உண்டு. கடைக்கு நல்ல தடிமனான பிளாஸ்டிக் கவர் வந்திருந்தது, கண்ணாடி மாதிரி, அட்டைக்கென்றே அளவெடுத்த மாதிரி. தணிகாசலம் ஆசை ஆசையாக ஒரு கட்டு வாங்கி வந்தார். ஆள் இல்லாத வீட்டுக்கு வெள்ளையடிப்பதுதானே சுலபம், அவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்துவிடலாம் என்று சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, ஒவ்வொரு அட்டையாகக் கவருக்குள் போட்டு, வாயை மடித்து, காற்றுகூடப் புகாமல் டேப் ஒட்டி, ஆல்பத்தில் செருகி வைத்துவிட்டார். அட்டையின் மேல் உயிரையே வைத்திருக்கிற ஒருத்தன்தான் இப்படியொரு காரியம் செய்வான், வேறு யாருக்கும் தோன்றாது.

சாயங்காலம் நட்சத்திரம் வந்தது. ஆல்பத்துக்குள்ளிருந்து, பிளாஸ்டிக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தட்டுகிறார்கள். திரும்பி வந்தவர்களுக்கு உள்ளே போக வழியில்லை. தணிகாசலம் ஓடிப்போய் ஆல்பத்தைத் திறந்தார். பிளேடை எடுத்து ஒவ்வொரு கவராகக் கிழித்தார், கிழிக்கக் கிழிக்க ஒவ்வொருவராக உள்ளே போய் நின்றுகொண்டார்கள், பெரியவர்கள் முகத்தில் மட்டும் கொஞ்சம் கோபம் இருந்தது. கடைசியில் துறைமுகத்து அட்டைக்கு வந்தார். அதில் ஒரு தாய் கப்பல் துறையில் நின்று ஒரு கையைத் தூக்கி அசைத்துக்கொண்டிருப்பாள், இன்னொரு கையில் ஒரு பெண் குழந்தையைப் பிடித்திருப்பாள். தாய் வந்து நின்றுவிட்டாள். குழந்தை இருந்த இடத்தில் கல் பாவின தரை தெரிந்தது. பிடித்திருந்த கை மட்டும் பிடித்த மேனிக்குக் கீழே தொங்கியது.

"தணிகாசலம் அண்ணே," என்று குழாயடியிலிருந்து ரஹ்மத் பீ கூப்பிட்டாள், "உங்க அட்டைப் பொண்ணு ஒண்ணு இங்க வந்து நிக்குது பாருங்க."

முழங்கால் வரைக்கும் கோட்டு, கயிறு கட்டின பூட்ஸ், இரட்டைப் பின்னல், ஏழெட்டு வயசு இருக்கும். தலையிலிருந்து கால் வரைக்கும் டீத்தண்ணி நிறம், அட்டை என்ன நிறமோ அதே நிறம். அழவில்லை, சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தது. தணிகாசலம் அட்டையை நீட்டி உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். குழந்தை விரலால் அட்டையைத் தொட்டது, அட்டை வெறும் அட்டையாக இருந்தது. நட்சத்திரம் வந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் கதவு, அது சாத்தியாகிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு லோகநாயகி வந்தாள், குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தாள், "பசிக்குதாடி கண்ணு?" என்றாள். பாஷை தெரியாத குழந்தைக்கு அது மட்டும் புரிந்தது. அன்றைக்கு ராத்திரி ரசம் சாதம் பிசைந்து, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, லோகநாயகி ஊட்டினாள்.

பேர் மிரெல் என்று குழந்தை தன் நெஞ்சைத் தொட்டுச் சொன்னது. ஸ்டோர் அதை மிர்லா என்று வைத்துக்கொண்டது. யாரோ ஒருத்தி தன் மகளுக்குச் சின்னதாகிப்போன பாவாடை சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். கிளிப்பச்சைப் பாவாடை, போட்ட கொஞ்ச நேரத்தில் டீத்தண்ணி நிறமாகிவிட்டது. தலையில் வைத்த மல்லிகையும் அப்படியே. ரஹ்மத் பீ கை நிறைய மருதாணி வைத்துப் பார்த்தாள், அதுவும் பழுப்பாகத்தான் பிடித்தது. "இருந்துட்டுப் போகட்டும், அழுக்கே தெரியாது" என்று சொல்லி விட்டுவிட்டார்கள். குழாயடியில் முதல் குடம் அதற்குத்தான் என்று யாரும் சொல்லாமலே ஏற்பாடாகிவிட்டது. வெள்ளிக்கிழமை லோகநாயகி விளக்கேற்றினபோது, குழந்தை பக்கத்தில் வந்து நின்று, சுடரைச் சுற்றி இரண்டு கையாலும் தன் பக்கமாக வாரி வாரி எடுத்து, கண்ணைப் பொத்திக்கொண்டு என்னவோ முணுமுணுத்தது. லோகநாயகி பார்த்துக்கொண்டே இருந்தாள், அப்புறம் தானும் அப்படியே வாரிக் கண்ணைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ராத்திரி பாயில் தன் பக்கத்தில் ஒரு குழந்தை மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்காமலே கிடந்தாள்.

ஆனால் பகலில் கொஞ்ச நேரம் கண் அசந்தால் போதும், குழந்தை மொட்டை மாடிக்கு ஏறிவிடும். அங்கிருந்து ஹார்பர் பக்கம் கிரேனும் கப்பல் உச்சியும் தெரியும். ஒவ்வொன்றையும் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே நிற்கும். செங்கல்வராயன் தன் கிரேன் கூண்டிலிருந்து தினம் திருப்பிக் கை ஆட்டினாராம், அவ்வளவு தூரத்துக்கு எங்கே தெரியப்போகிறது.

அடுத்த சனிக்கிழமை வந்தது. நட்சத்திர நேரத்துக்கு அட்டைக்கு முன்னால் நிறுத்தினால் குழந்தை உள்ளே போய்விடும் என்று தணிகாசலத்துக்குத் தெரியும், லோகநாயகிக்கும் தெரியும். மத்தியானமே அவள் குழந்தைக்குத் தலை பின்னி, "கந்தகோட்டத்து முருகன் கோயில் வரைக்கும் போயிட்டு வரோம்" என்று கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது வானம் நிறைய நட்சத்திரம். அதற்கடுத்த சனிக்கிழமை அயனாவரத்தில் அக்கா வீடு. அதற்கும் அடுத்ததில் சாக்குச் சொல்லக்கூடச் சிரமப்படவில்லை, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழந்தையை மடியில் உட்கார வைத்து, சிக்கே இல்லாத தலைக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். தணிகாசலம் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ஸ்டோரில் எல்லோருக்கும் விஷயம் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பத்துக் குடித்தனத்திலும் அவள் பட்ட பாடு தெரியாதவர்கள் யார்? ரஹ்மத் பீ மட்டும் ஒரு நாள் குழாயடியில், "லோகம்மா, அந்தப் பக்கமும் ஒரு பெத்தவ நிக்கறா" என்றாள். லோகநாயகி பாதி நிரம்பின குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், நாலு நாள் அவளோடு பேச்சு வார்த்தை இல்லை.

அட்டையில் அந்தத் தாய் முதல் வாரம் குழந்தையைப் பிடித்திருந்த கையைத் தொங்கவிட்டு நின்றாள். இரண்டாவது வாரம், கடல் பக்கம் இருந்த முகத்தைத் திருப்பிவிட்டாள். மூன்றாவது வாரம் ஆல்பத்தைத் திறந்த தணிகாசலத்தை நேருக்கு நேர் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாலும் பரவாயில்லை, வழி தெரியாத ஊரில் முகவரி கேட்கிறவள் மாதிரி பார்த்தாள். அவர் பக்கத்தைத் திருப்பினார். பந்தலுக்கு அடியில் மாப்பிள்ளையும் பெண்ணும் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் தாடியிலிருந்து கையை எடுத்துவிட்டு இவரைப் பார்த்தார்கள். ஆற்றங்கரையில் பாவத்தை உதறிக்கொண்டிருந்தவர்கள் உதறுவதை நிறுத்திவிட்டு, பையைப் பிடித்த கையோடு இவரைப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக இவர்களை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அவர்கள் திருப்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்ததே இல்லை. அதற்கப்புறம் அவரால் ஆல்பத்தைத் திறக்க முடியவில்லை. கடையில் மணப்பெண் படம் போட்ட பத்திரிகையைக்கூடக் குப்புறக் கவிழ்த்து வைத்துத்தான் காட்டினார். வாடிக்கையாளர்கள், பாவம், வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தை மாடியில் இருந்த நேரம் பார்த்து, துறைமுகத்து அட்டையை எடுத்துக்கொண்டு போய் லோகநாயகியின் முன்னால் வைத்தார். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எதுக்கு இது" என்றாள், தலையைத் தூக்காமல்.

"ஒரே ஒரு தடவை பாரு லோகு. அதுக்கப்புறம் நீ என்ன சொல்றியோ அப்படியே."

லோகநாயகி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகப் புருஷனுடைய அட்டை ஒன்றைக் கையில் வாங்கினாள், ஓரத்தைப் பிடித்துத்தான் வாங்கினாள், அந்த ஒழுங்கு எப்படியோ அவளுக்கும் ஒட்டியிருந்தது. வெகுநேரம் பார்த்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது.

"என்னைத்தாங்க பார்க்கறா" என்றாள்.

"என்னையும்தான் பார்த்தா."

"உங்களையெல்லாம் இல்ல. என்னை." அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கையை ஏன் இப்படித் தூக்கிக்கிட்டிருக்கா? யாருக்கு?"

"புருஷனுக்கு. அவன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிட்டான். போய் வேலை தேடிக்கிட்டு இவங்களைக் கூப்பிட்டுக்கணும். அந்தக் கப்பல் இதுக்கு அடுத்த நம்பர் அட்டை. ரெண்டும் ஜோடியா அச்சடிச்சது."

"அவன் கூப்பிட்டானா?"

தணிகாசலம் அட்டையில் தண்ணீர் முடிகிற ஓரத்தைக் காட்டினார். "இதுல அவ்வளவுதான் இருக்கு. அவன் போறான், இவங்க நிக்கறாங்க."

லோகநாயகி அட்டையைத் தரையில் வைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. "அப்போ நான் திருப்பிக் கொடுத்தா மட்டும் என்ன ஆகப்போகுது? மறுபடி அந்தக் கல்லு மேல நிக்கும். நான் பொறுக்கியெடுத்துச் சோறு போட்ட புள்ளைய, இன்னொரு நூறு வருஷம் கரையில நிக்கறதுக்கா அனுப்பணும்? மாட்டேன். அந்த ஆளோட சேர்த்து வெக்கறதா இருந்தா சொல்லுங்க, நானே இடுப்புல தூக்கிக்கிட்டு வரேன். அந்தக் கப்பல் அட்டை எங்க இருக்கு?"

"ராயபுரத்துல."

கப்பல் அட்டை ராயபுரத்தில் ஞானப்பிரகாசத்திடம் இருந்தது. கஸ்டம்ஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், அவரும் அட்டை சேர்க்கிறவர், ஆனால் கப்பல் மட்டும்தான். அட்டைக்காரர்களிடம் இது ஒரு பெரிய வம்பு: ஒரே அட்டை இரண்டு பேருடைய வகையில் வந்து விழும். தணிகாசலத்துக்கு அது யூதர் அட்டை, ஞானப்பிரகாசத்துக்கு அது கப்பல் அட்டை. அந்த ஒரு அட்டைக்காக இரண்டு பேரும் வருஷக்கணக்காக வாதாடி, கடைசியில் பொங்கல் கிறிஸ்துமஸுக்குக்கூடப் பேசிக்கொள்ளாமல் போய்விட்டார்கள். அந்த வீட்டுப் படியைத்தான் தணிகாசலம் மறுபடி ஏறினார், மானம் மரியாதை எல்லாவற்றையும் கீழேயே விட்டுவிட்டு.

"கொடுக்க மாட்டேன்" என்றார் ஞானப்பிரகாசம், வந்தவர் உட்காருவதற்கு முன்னாலேயே.

"கொடுக்க வேணாம் சார். ஆளைப் பார்க்கணும், அவ்வளவுதான்."

"எந்த ஆள்?"

"கப்பல்ல நிக்கற ஆள்."

"ரெண்டு புகைபோக்கி, எட்டுப் படகு, முன்பக்கம் கொடி. ஆள் எங்கய்யா இருக்கான்?" என்று முனகிக்கொண்டே ஞானப்பிரகாசம் அட்டையை எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். மேல்தளத்துக் கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால், எறும்பளவுக்கு ஒருத்தன், தாடியோடு, தொப்பியைக் கழற்றிக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஞானப்பிரகாசம் கண்ணாடியை எடுக்கவே இல்லை. தணிகாசலம் நடந்ததையெல்லாம் சொன்னார், வெள்ளிக்கிழமையில் ஆரம்பித்து பிளாஸ்டிக் கவர் வரைக்கும், லோகநாயகி சொன்னது வரைக்கும் சொன்னார். சாமானை வைத்தே ஆளை எடைபோட்டுப் பழகின மனுஷர் நடுவில் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"என் ஆல்பத்துல வெள்ளிக்கிழமை யாரும் போனதா எனக்குத் தெரியாது," என்றார் கடைசியில். "இவனும் போயிருக்க மாட்டான். நடுக்கடல்ல இருக்கறவனுக்கு எங்க வீடு இருக்கு, போறதுக்கு?" பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை வருஷமா என்கிட்ட இருக்கான். நான் ஜன்னலை எண்ணிக்கிட்டிருந்திருக்கேன்" என்றார். அப்புறம் விறைப்பாக நிமிர்ந்து, "அட்டை வீட்டை விட்டு வெளிய வராது. உங்க அட்டைய நீங்க எடுத்துக்கிட்டு வாங்க. சனிக்கிழமை வாங்க" என்றார்.

அந்தச் சனிக்கிழமை லோகநாயகி குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். முதலில் வந்தபோது போட்டிருந்த கோட்டையும் பூட்ஸையும் எடுத்து மாட்டினாள், இரட்டைப் பின்னல் போட்டாள், வழிக்கு என்று இட்லியில் மிளகாய்ப் பொடி தடவி இலையில் கட்டினாள். நாலு நாள் பேசாத ரஹ்மத் பீ பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு வந்து, லோகநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழாயடியில் யாரும் குடத்தை நகர்த்தவில்லை. குழந்தைக்கு யார் சொன்னார்களோ, எப்படிப் புரிந்ததோ, ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் வந்தது. செங்கல்வராயன் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து நிறுத்தினார், தெருமுனை திரும்புகிற வரைக்கும் எல்லோரும் வாசலில் நின்றார்கள்.

ராயபுரத்து வீட்டில் ஞானப்பிரகாசம் மேஜையைத் துடைத்து, ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார். துறைமுகத்து அட்டையை இடது பக்கம் வைத்து, கப்பல் அட்டையை வலது பக்கம் வைத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்தார்கள். கரையில் வந்து முடிந்த தண்ணீர் அந்தப் பக்கம் அப்படியே தொடர்ந்தது, அலையின் ஒரு கோடுகூடத் தப்பவில்லை. ஓய்வுநாள் ஆனதால் கரையில் யாருமில்லை, கப்பலில் அந்த ஒருத்தன் மட்டும் தொப்பியைத் தூக்கிக்கொண்டு நின்றான். பூதக்கண்ணாடி வழியாக அவனைப் பார்த்த மிரெல் அதற்கப்புறம் அசையவில்லை, மூச்சு விடுகிறதா என்றுகூடத் தெரியவில்லை. லோகநாயகி அதன் கையைப் பிடித்திருந்தாள். இப்போதுகூடக் கையை இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவிடலாம், ஆட்டோ வாசலில்தான் நிற்கிறது என்று அவளுக்குத் தோன்றியதைத் தணிகாசலம் அவள் முகத்தில் பார்த்தார்.

ஜன்னலில் முதல் நட்சத்திரம் வந்தது. இரண்டாவது வந்தது. லோகநாயகி குனிந்து, குழந்தையின் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்து, "சாப்பிட்டுத் தூங்கு கண்ணு, ராத்திரி காத்துல நிக்காத" என்று சொல்லி, இட்லிப் பொட்டலத்தை அதன் கோட்டுப் பைக்குள் திணித்தாள். அப்புறம் பிடித்திருந்த விரல்களை அவளே ஒவ்வொன்றாக விட்டாள்.

மூன்றாவது நட்சத்திரம் வந்தபோது அறையில் அவர்கள் மூன்று பேர்தான் இருந்தார்கள். கரை அட்டையில் ஒருவருமில்லை, கல்லும் தண்ணீரும்தான். ஞானப்பிரகாசம் பூதக்கண்ணாடியைக் கப்பல் மேல் கொண்டுபோனார், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால் தொப்பி இல்லாத ஒருத்தன், பக்கத்தில் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒருத்தி, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இடுப்பில் ஒரு குழந்தை. புருஷனும் பெண்சாதியும் ஒருத்தரை ஒருத்தர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை மட்டும் கரைப் பக்கம் திரும்பி, கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது. கரையில் திருப்பி ஆட்ட யாருமில்லை.

லோகநாயகி தணிகாசலத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டு, கரை அட்டைக்கு நேர் பின்னால் வந்து நின்றுகொண்டாள். வலது கையைத் தூக்கினாள். தெருவில் பஸ்ஸை நிறுத்துகிறவள் மாதிரி நன்றாக உயரத் தூக்கி, ஆட்டினாள்.

கப்பல் நகர்ந்தது. இரண்டு புகைபோக்கியிலிருந்தும் புகை பின்னால் சாய்ந்தது, அட்டையின் வலது ஓரத்தில் முன்பக்கத்துக் கொடி முதலில் மறைந்தது. ஞானப்பிரகாசம் ஆல்பத்திலேயே உசத்தியான தன் கப்பல் கையை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிடிக்கிறதென்றால் பிடித்திருக்கலாம், அட்டையைப் படக்கென்று இழுத்திருந்தால் போதும். "எல்லாம் நின்ன கப்பல்யா என்கிட்ட," என்றார், "கிளம்பிப் போற கப்பல நான் பார்த்ததே இல்ல." நாற்காலியைப் பின்னால் தள்ளி, லோகநாயகிக்கு வெளிச்சம் மறைக்காமல் ஒதுங்கிக்கொண்டார்.

முன்பக்கம் போனது, புகைபோக்கி போனது, படகுகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் மேல்தளத்தின் பின்பக்கம் ஒரு துணுக்கு இருந்தது, அதுவும் போய், அட்டை முழுக்கத் தண்ணீராக ஆனது. தணிகாசலத்தின் கண்ணாடிக்கு ஒன்றும் தெரியவில்லை, பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார், அதிலும் தண்ணீர்தான். வீதியில் கடைகளை மூட ஆரம்பித்திருந்தார்கள். லோகநாயகி தூக்கின கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது, ஆனால் குழந்தைகளை வழியனுப்புகிறவர்கள் வலுக்கட்டாயமாகச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு உதட்டில் அப்படியே இருந்தது.

தணிகாசலம் மெதுவாகக் கிட்டே போய் அவள் முழங்கையைத் தொட்டார். "போதும் லோகு. வா, வீட்டுக்குப் போலாம்."

"இருங்க," என்றாள் அவள், கையை ஆட்டிக்கொண்டே. "இன்னும் தெரியறா."